நெத்திலி விலைக்கு முன்னால்

நெத்திலிதான் மேலே நிற்கிறது. அதற்குக் கீழே சாளை, அதற்குக் கீழே சீலா, கடைசியில் நான் வலையில் பார்த்தே பல வருஷமான நகரை. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் இன்றைய விலை. சிவப்பு எங்கேயும் இல்லை. "மாமா, சிவப்பா வருதா?" என்று அறைக்குள்ளிருந்து மருமகள் கேட்கிறாள். கதவு பாதி திறந்திருக்கிறது. அவள் முதுகும் அந்த லேப்டாப்பின் வெளிச்சமும் தெரிகின்றன. போனைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனேன், பிறகு கையை நீட்டித் தள்ளிப் பிடித்தேன். கண்ணாடி போட்டுத்தான் இருக்கிறேன். நெத்திலி, சாளை, சீலா, நகரை. "ம்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. இல்லை என்பதற்கும் ம் என்று ஒரு சத்தம் உண்டு, கேட்கிறது என்பதற்கும் உண்டு, என்னைத் தொந்தரவு பண்ணாதே என்பதற்கும் உண்டு. அவளோ ஆமாம் என்று எடுத்துக்கொண்டாள். "அப்பாடா! மாதாவே!" என்று நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்தாள். நாற்காலியின் கால் தரையில் கிறீச்சிட்டது. அந்தச் சத்தம் இன்னும் என் பல்லில் இருக்கிறது.

மகனுக்குக் கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து ஜெனிட்டாவிடம் நான் நேராகப் பேசியதில்லை. பேசாமல் ஒரே கூரைக்குக் கீழே இருக்க முடியுமா என்றால் நன்றாகவே முடியும். சுவர் இருக்கிறது, பூனை இருக்கிறது, என் பெண்சாதி புஷ்பம் இருக்கிறாள். "குழம்புல உப்பு கூடிப்போச்சுன்னு சொல்லு" என்று புஷ்பத்திடம் சொல்வேன். கரண்டியும் கையுமாகப் பக்கத்திலேயே நிற்கிறவள், "அடுத்த தடவை குறைச்சுப் போடுறேன்னு சொல்லுங்க அத்தை" என்பாள். புஷ்பம் நடுவில் நின்று, "நான் என்ன தபால்காரியா? ரெண்டு பேருக்கும் காது நல்லாத்தானே இருக்கு!" என்று கத்துவாள். இன்றைக்குத் தபால்காரி இல்லை. அவள் தங்கச்சி மகளுக்குப் பிள்ளை பிறந்திருக்கிறதென்று காலை பஸ்ஸில் தூத்துக்குடிக்குப் போய்விட்டாள். போகும்போது செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "அந்தப் பிள்ளை கேட்டா போனைப் பாத்து என்ன வருதுன்னு சொல்லுங்க. வாய் ஒண்ணும் கரைஞ்சு போவாது." என் மகன் ஆல்வின் வள்ளத்தில் போயிருக்கிறான், வர மத்தியானம் தாண்டும். அவன் போனில், மீன் விலை பார்க்கிற தளத்தில், இவளே அவன் பேரைப் பதிந்து, உள்ளே போக ரகசிய எழுத்தெல்லாம் போட்டுக் கொடுத்திருக்கிறாள். எனக்கும் போட்டுத் தரட்டுமா என்று புஷ்பம் வழியாகக் கேட்டாள். நான் யாரென்று கடலுக்குத் தெரியும், அந்தப் பெட்டிக்குத் தெரிய வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன். அதனால் எனக்கு அங்கே பேர் கிடையாது. வழிப்போக்கன் மாதிரி வெளியே நின்று விலையைப் பார்த்துவிட்டு வருகிறவன். காலையில் காப்பி குடிக்கும்போதே ஒரு தடவை பார்த்தேன். அப்போதும் இதே நெத்திலி, இதே விலை.

அவள் வேலை என்னவென்று எனக்குத் தெரியாது என்று நினைக்கிறாள். தெரியும். அடுக்களையில் பெண்கள் பேசுவது முன்னறைக்குக் கேட்காது என்று யார் சொன்னது? ஏழு ஊர்ச் சங்கங்களுக்கும் சேர்த்து ஒரு கூட்டமைப்பு, அதற்கு ஒரு இணையதளம். மீன் விலை, ஐஸ், டீசல், வியாபாரிகளின் நம்பர் எல்லாம் அதில் வரும். கரையில் எவனும் தண்ணீரில் கால் வைக்கும் முன் தொட்டுப் பார்ப்பது விலையைத்தான். காற்று எச்சரிக்கையும் அதில் உண்டு, எங்கேயோ ஒரு மூலையில். மூலையை எவன் தொடுவான்? அதனால் ஒரு ஏற்பாடு வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். ஒரு நாள் புஷ்பம் சாளைக்குச் செதில் சுரண்டிக்கொண்டிருந்தபோது இவள் விளக்கினாள். "அத்தை, நீங்க விலையைத் தொடுறிய. தொட்டதும் அங்க சர்வர்ல வரிசையா வேலை நடக்கும். வந்திருக்கது யாரு, என்ன கேக்காரு, விலையை எங்கேருந்து எடுக்கணும், எப்படி அடுக்கணும், இப்படி. அது எல்லாத்துக்கும் முன்னாடி நான் எழுதுன மாட்யூல் எந்திரிச்சு ஒரே ஒரு கேள்வி கேக்கணும், இன்னைக்குக் காத்து உண்டா இல்லையா? உண்டுன்னா ஆளை விலைக்குப் போகவே விடக்கூடாது. சிவப்பா எச்சரிக்கை. வாசிச்சேன்னு தொட்டாதான் விலை." புஷ்பம் சிரித்தாள். "நல்லா வேணும் ஆம்பளையளுக்கு. நாங்க வாசல்ல நின்னு கத்துனா கேக்குறானுவளா? உன் பெட்டி கத்தட்டும்." நான் முன்னறையில் வலைக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தேன். எல்லாத்துக்கும் முன்னாடி என்ற சொல் வந்து என் கையில் மாட்டிக்கொண்டது. அந்த முடிச்சை இரண்டு தடவை அவிழ்த்துப் போட வேண்டியதாயிற்று. எல்லாத்துக்கும் முன்னாடியாம். கஸ்பார் மகள் சொல்கிறாள்.

கஸ்பார் அவள் அப்பன். ஒரு காலத்தில் எங்கள் சிலுவைத்துறைச் சங்கத்துக்குச் செயலாளர், கோயில் மைக்கும் அவன் கையில்தான். நல்ல குரல். அந்தக் குரலுக்காகவே அவனைச் செயலாளராக்கினோம், இப்போதும் அதை இல்லை என்று சொல்ல மாட்டேன். மீன்துறையிலிருந்து கடல் நிலவரம் சாயங்காலமே போனில் வந்துவிடும். அவன் அதை டேப்பில் பேசிப் பதிந்து வைப்பான். முதலில் மாதா பாட்டு, அதற்குப் பின்னால் அவன் குரல். விடியும் முன் கோயில் வேலை பார்க்கிற குட்டியார் வந்து பொத்தானை அமுக்கினால் போதும், ஊர் முழுக்கக் கேட்கும். கஸ்பார் தூங்கலாம். அன்றைக்கு டேப் ஓடிக்கொண்டிருக்கும்போதே அவன் வீட்டுப் போன் அடித்திருக்கிறது. நிலவரம் மாறிவிட்டது, காற்று வருகிறது, யாரும் போகக்கூடாது என்று. அவன் சட்டையை மாட்டிக்கொண்டு ஓடித்தான் வந்தான், அதையும் இல்லை என்று சொல்ல மாட்டேன். மைக் அறைக்குள் வந்து நின்றான். மாதா பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. மாதா பாட்டை எங்கள் ஊரில் நடுவில் யாரும் நிறுத்தியதில்லை. கரண்ட் போனால்கூட மிச்சத்தை வாயால் பாடி முடிக்கிற ஊர். பாட்டு முடியட்டும் என்று நின்றிருக்கிறான். பாட்டு முடிந்ததும் டேப்பில் இருந்த அவன் குரலே வந்து, கடல் சாந்தமாக இருக்கிறது, போகலாம் என்றது. அதற்குள் அவன் நிறுத்திவிட்டானாம், பாதிதான் கேட்டதாம். எங்களுக்கு அந்தப் பாதி போதும். போகலாம் என்று கேட்டதும் முதலில் வள்ளத்தைத் தள்ளியவன் என் தம்பி செலஸ்டின். எப்போதும் அவன்தான் முதலில் தள்ளுவான். நான் வலையைச் சரி பார்க்கக் கொஞ்சம் பிந்தினேன், அதனால் கரையில் நின்றேன், அதனால் இருக்கிறேன். மைக்கில் புதுக் குரல் அலறியபோது அவன் வள்ளம் எலுமிச்சங்காய் அளவுக்குத் தெரிந்தது. என்ஜின் சத்தத்தில் அவனுக்கு எது கேட்டிருக்கும்? துண்டை ஆட்டினேன், மணலில் விழுந்து எழுந்து ஓடினேன், பெண்கள் கூரைமேல் ஏறிக் கத்தினார்கள். வள்ளம் பிறகு கிடைத்தது. அவன் கிடைக்கவில்லை. கஸ்பார் எங்கள் வாசலில் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றான். நான் கதவைச் சாத்தினேன். அன்று சாத்தினது. அவன் செயலாளர் வேலையை விட்டான், கடலை விட்டான், உப்பளத்தில் போய்ச் சேர்ந்தான். ஊர் அவனை மன்னித்துவிட்டது. ஊருக்கென்ன, ஊருக்கு அவன் தம்பியா? ஆல்வின் அப்போது நாலாங்கிளாஸ். சித்தப்பனின் சட்டையை முகர்ந்து பார்த்து அழுத பையன், வளர்ந்து வந்து, எனக்குக் கஸ்பார் மாமா மகளைத்தான் பிடிச்சிருக்கு என்றான். மாமாவாம்!

அந்த டேப்தான் இப்போது என் கையில் இருக்கிறது. சோதனைக்காக அங்கே காற்று என்று போட்டிருக்கிறாள், பெட்டிக்குத் தெரியும், அவளுக்குத் தெரியும். எனக்கு வருவது நெத்திலி. நேற்றும் நெத்திலி, காலையிலும் நெத்திலி. பழசை எடுத்து நீட்டுகிறது. விரலால் இழுத்துப் பார்த்தேன். திரை ஒரு நொடி வெளுத்து, மறுபடியும் நெத்திலி. உள்ளே பீரோவைத் திறக்கிற சத்தம். புடவை எடுக்கிறாள். பன்னிரண்டு மணிக்குக் கூட்டமைப்பு ஆபீசில் கூட்டம். ஏழு ஊர்த் தலைவர்களும் இருப்பார்கள், சென்னையிலிருந்து ஒரு கம்பெனி ஆளும் வருகிறானாம். இவள் செய்தது வேலை செய்தால் இனிமேல் தளம் முழுக்க இவள் பொறுப்பு. இல்லையென்றால் அந்தக் கம்பெனிக்காரனிடம் போய்விடும். போகட்டுமே. அத்தனை பேருக்கு நடுவில் ஒருவன் போனை நீட்டி, என்னம்மா நெத்திலி விலை வருது என்று கேட்கட்டுமே. கஸ்பார் மகள்தானே, வேறென்ன செய்வா என்று ஒருவனாவது சொல்லமாட்டானா? கேட்க நான் அங்கே இருக்கமாட்டேன், ஆனால் வந்து சேரும், இந்த ஊரில் எல்லாம் வந்து சேரும். இதை நினைத்தபோது எனக்கு நெஞ்சில் ஒரு இதம் வந்தது. வெயிலில் காய்ந்த மணலில் முதுகைச் சாய்த்தால் வருமே, அது. ஒரு வெற்றிலை போடுகிற நேரம்கூட அது நிற்கவில்லை. ஏனென்றால் அப்படி நடக்காது. அங்கே காட்டப்போவது அவள் போன். அவள் போனுக்குச் சிவப்பு வருகிறது, அவள் சொன்னாள், காலையிலிருந்து வருகிறது. தலைவர்கள் எல்லாருக்கும் அவளே பேர் பதிந்து கொடுத்திருக்கிறாள், அவர்களுக்கும் வரும். கை தட்டுவார்கள். மாலை போட்டாலும் போடுவார்கள். வராதது எனக்குத்தான், என்னைப் போலப் பேர் பதியாதவனுக்குத்தான். அது தெரிய ஒரு காற்று நாள் வர வேண்டும். அன்றைக்கு எவனோ ஒருத்தன் எப்போதும் முதலில் வள்ளத்தைத் தள்ளுகிறவனாக இருப்பான். மகன் போனில் விலை பார்க்கிற கிழவனாக இருக்கலாம், நேற்றுத்தான் புதுப் போன் வாங்கிய பையனாக இருக்கலாம். நெத்திலி, சாளை, சீலா என்று வாசித்துவிட்டுத் தள்ளுவான். அவனுக்கும் ஒரு அண்ணன் துண்டோடு கரையில் நிற்பான். அந்த அண்ணன் கதவைச் சாத்த வேண்டுமென்றால் யார் முகத்தில் சாத்துவது? கஸ்பார் முகத்திலா, அவன் மகள் முகத்திலா? ம் என்றவன் ஒருத்தன் இருக்கிறானே.

அவள் புடவை கட்டிக்கொண்டு வெளியே வந்தாள். நீலத்தில் சின்னப் பூ. லேப்டாப் தோளில், ஸ்கூட்டர் சாவி வாயில், இரண்டு கையாலும் கொண்டையைப் போட்டுக்கொண்டிருந்தாள். நான் பூனையைத் தேடினேன். பூனை இல்லை. சுவரைப் பார்த்தேன். சுவரில் சேசுவும் பால் கம்பெனிக் காலண்டரும். சுவரிடம் இதை எப்படிச் சொல்வது? சுவருக்குப் போன் இல்லை. அவள் வாசற்படியைத் தாண்டி, சாவியைக் கடித்தபடியே, "வாரேன் மாமா" என்றாள். பதில் வராது என்று தெரிந்தே தினமும் சொல்கிறவள். பேர் சொல்லிக் கூப்பிடுவதா, மருமகளே என்பதா, ஒன்றும் வாயில் அமையவில்லை.

"ஏ பிள்ள" என்றேன்.

அவள் திரும்பிப் பின்னால் பார்த்தாள். யாரைக் கூப்பிடுகிறேன் என்று தெருவில் தேடினாள்.

"உன்னத்தான். இங்கன வா. இதுல நெத்திலி வருது."

"என்னது?"

"நெத்திலி வருது, சாளை வருது. உன் சிவப்பு வரல."

அவள் வாயிலிருந்து சாவி விழுந்தது. ஓடி வந்து போனை வாங்கினாள். விரலால் இழுத்தாள். நெத்திலி. தன் போனை எடுத்துப் பார்த்தாள். சிவப்பு, கொட்டை எழுத்தில். இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள், கட்டின புடவையோடு. "அப்ப அந்த ம் எதுக்கு மாமா?"

"தொண்டையில சளி."

என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபம் வருமென்று இருந்தேன். வந்தது, கண்ணில் நின்றது, போனது. "சளிக்குப் பொறவு கஷாயம் வச்சுத் தாரேன். இப்ப எனக்கு நேரமில்ல" என்று லேப்டாப்பைத் தோளிலிருந்து இறக்கி என் காலடியிலேயே திறந்தாள். அறைக்குள் போகவில்லை. எழுத்தும் கோடுமாக ஓடுகிறது, நடுநடுவே எண்கள். அவள் தனக்குள் பேசிக்கொள்கிறாளா, எனக்குச் சொல்கிறாளா தெரியவில்லை, இரண்டும்தான் போலிருக்கிறது. "நான் ஒரு மடச்சி மாமா. உள்ள போற வரிசையில எல்லாருக்கும் முன்னாடி நிக்கணும்னு என் மாட்யூலுக்குப் பெரிய எண்ணாக் குடுத்தேன். வரிசையில அதான் முதல். ஆனா வரிசைக்கு வெளிய, வாசல்லயே இன்னொருத்தன் நிக்கான். பேரு தெரியாத ஆள் வந்தா, முந்தி ஒருத்தருக்குச் செஞ்ச பக்கத்தோட நகலை எடுத்து நீட்டி, இந்தா போன்னு அனுப்பிருவான். உள்ள யாரையும் எழுப்பவே மாட்டான். வேகத்துக்காக அப்படி. என் மாட்யூல் உள்ள தூங்கிட்டு இருக்கு. பேர் பதிஞ்ச ஆளுவளுக்கு மட்டும் அவன் நகல் குடுக்கமாட்டான், உள்ள விடுவான். நான் காலையிலேருந்து என் பேர்லயே போய்ப் போய்ப் பாத்துட்டு இருக்கேன்." நான் கேட்டேன், நேராகத்தான் கேட்டேன், இரண்டாவது தடவை அவ்வளவு கஷ்டமாக இல்லை: "அப்ப அவனுக்கும் முன்னால போய் நிக்க முடியாதா?" "முடியும். ஆனா அங்க ஒரு வசதியும் கிடையாது. அவ்வளவு சீக்கிரத்துல உள்ள எதுவும் தயாரா இருக்காது. இதைக் குடு, அதைப் பாருன்னு யாரையும் ஏவ முடியாது. ஒத்தையா நின்னு செய்யணும்." அடித்துக்கொண்டே போனாள். விரல்கள் நண்டு ஓடுகிற மாதிரி ஓடின. நண்டுக்குக்கூட நடுவில் நின்று யோசிக்கிற பழக்கம் உண்டு, இதுகளுக்கு இல்லை. "இப்பப் பாருங்க மாமா."

தொட்டேன். வெள்ளை. நெத்திலி இல்லை, சிவப்பு இல்லை, ஒரு எழுத்து இல்லை. உலை வைத்த பானையில் அரிசியே இல்லாத மாதிரி. "ஒண்ணும் வரல. வெள்ளையா கெடக்கு." "ஐயோ" என்று தலையில் கை வைத்தாள். "எல்லாரையும் சேத்துச் சாய்ச்சுப்புட்டேன்." "கடலுக்குப் போறவனுவ பாத்துட்டு இருப்பானுவளே?" "இல்ல மாமா, நேத்து அத்தை உங்க போன்ல போட்டுத் தந்தது சோதனைக்குன்னு தனியா வச்சிருக்கது. நிசமான தளம் அது பாட்டுக்கு இருக்கு." எங்கே போனாலும் மணி பார்த்துக் கிளம்புகிற பெண், இப்போது மணி பார்க்கவில்லை. நெற்றியில் வியர்வை. இதே நெற்றி, கஸ்பாருக்கு இருக்கிற அதே அகல நெற்றி, இவ்வளவு கிட்டத்தில் நான் பார்த்ததில்லை. இவன் மூஞ்சி என் வீட்டில் நடமாடுகிறதே என்று எத்தனை நாள் சோற்றைப் பாதியில் வைத்து எழுந்திருக்கிறேன். மைக் அறையில் அவன் நின்றபோதும் இந்த நெற்றி இப்படித்தான் வியர்த்திருக்குமோ? எனக்குத் தெரிய வேண்டியதில்லை. ஆனால் வந்துவிட்டது, போ என்றால் போகவில்லை. அவன் பாட்டு முடியட்டும் என்று நின்றான். இவள் நிற்கவில்லை. புடவை கசங்கினாலும் கூட்டத்துக்கு நேரமானாலும் நிற்கவில்லை. "தெரிஞ்சிட்டு" என்றாள். "காத்து உண்டான்னு கேக்க உள்ள இருக்கவங்களையே கூப்பிட்டிருக்கேன், பழக்க தோசம். அவங்கதான் இன்னும் எந்திரிக்கலையே. கூட்டமைப்பு ஆபீஸ்ல எச்சரிக்கையைப் போடும்போதே சின்னதா ஒரு கோப்பைத் தனியா வெளிய வச்சிரணும். அது இருந்தா காத்து, இல்லன்னா இல்ல. வாசல்ல நிக்கவனுக்கு அது போதும்." எனக்குப் பாதிதான் புரிந்தது. வாசலில் ஒரு கொடியைக் கட்டி வைக்கிற மாதிரி என்று வைத்துக்கொண்டேன். வீட்டுக்காரனை எழுப்பிக் கேட்க வேண்டாம், கொடி ஆடுகிறதா என்று பார்த்தால் போதும்.

"இப்ப?"

தொட்டேன். சிவப்பு. முழுத் திரையும் சிவப்பு, நடுவில் வெள்ளை எழுத்து. எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும், ஆனால் அது கூட்டி வாசிக்க வேண்டிய எழுத்தாக இல்லை, மூஞ்சியில் அடிக்கிற எழுத்து. "வந்துட்டு" என்றேன். ஐஸைத் தொடச் சொன்னாள், தொட்டேன், சிவப்பு. டீசலைத் தொடச் சொன்னாள், சிவப்பு. நானாகவே வியாபாரி நம்பரையும் தொட்டேன், அவள் சொல்லும் முன்னால். சிவப்பு. என்னையறியாமல் சிரித்துவிட்டேன், சரியாக அவளும் அப்போது சிரித்தாள், இரண்டு பேரும் உடனே வேறே பக்கம் பார்த்துக்கொண்டோம். ஆனால் அவள் எழவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "இன்னொரு போன்ல பாக்கணும் மாமா. உங்க போனுக்குள்ளயே பழசு புதுசு கலந்து கெடக்கும். ஒரு தடவைகூட இந்தத் தளத்தைத் தொடாத ஆள் வேணும். பேர் பதியாத ஆள்." "தெருவுல யாரையாவது கூப்பிடு." "தெருவுல எல்லாருக்கும் நான்தானே பதிஞ்சு குடுத்தேன்." பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "ஒரு ஆள் இருக்காரு. சங்கத்துச் சம்பந்தமான எதையும் அவர் தொடமாட்டாரு. கொல்லையில போய்ப் பேசுறேன்."

இந்த வீட்டில் கஸ்பாரின் சத்தம் கேட்கக்கூடாது என்று சொன்னவன் நான். அதனால்தான் அவள் அப்பனிடம் பேசக் கொல்லைக்கும் முருங்கை மரத்தடிக்கும் போகிறாள், மழை நாளில் குடை பிடித்துக்கொண்டு போவதையும் பார்த்திருக்கிறேன். பார்த்து எனக்கு ஒன்றும் ஆகவில்லை. இன்றைக்கு ஏன் ஆகிறது? கொல்லையில் அங்கே என்ன வருகிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? தெரிய வேண்டும் எனக்கு. இவ்வளவு தூரம் வந்த பிறகு, நெத்திலியா சிவப்பா என்று என் காதால் கேட்க வேண்டும். கஸ்பாரை மன்னிப்பது வேறு பேச்சு, அதற்கு இன்றைக்கு நேரமில்லை, நாளைக்கும் இருக்குமா தெரியாது. "இங்கனயே பேசு" என்றேன். "சத்தமா வை."

மணி அடித்தது. "என்னம்மா, இந்நேரத்துல?" என்று வந்தது. பின்னால் உப்பளத்து மோட்டார் சத்தம். அதே குரல்தான், கொஞ்சம் கரகரத்திருக்கிறது, அவ்வளவுதான். அவள் சொன்னாள், ஒரு லிங்க் அனுப்பியிருக்கிறேன், தொட்டு என்ன வருகிறதென்று சொல்லுங்கள் என்று. "கூட்டமைப்போடதா? எனக்கு எதுக்கும்மா அது? விலையைத் தெரிஞ்சு நான் என்ன செய்யப்போறேன்?" "விலை இல்லப்பா. தொடுங்க. எனக்காக." என் கைவிரல் நாற்காலிக் கையைப் பிடித்திருந்தது. தொட்டுத் தொலையேன் மனுசா. "சிவப்பா வருது" என்றான். பிறகு வாசிக்க ஆரம்பித்தான். வாசிக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. "மீனவர் கவனத்திற்கு. இது சோதனை எச்சரிக்கை. பலத்த காற்று வீசக்கூடும். யாரும் கடலுக்குச் செல்ல..." அந்த இடத்தில் குரல் நின்றது. மூச்சு கேட்டது. ஜெனிட்டா என்னைப் பார்த்தாள். எனக்கு உடம்பு முழுக்க மணல் ஒட்டின மாதிரி இருந்தது. "செல்ல வேண்டாம்" என்று முடித்தான், மெதுவாக. "நீயா எழுதுன இதை?" "ஆமாப்பா. எல்லாத்துக்கும் முன்னாடி வருதா? விலை கிலை ஏதாச்சும் முந்தி தெரிஞ்சுதா?" "இல்ல. இதுதான் முந்தி."

போதும் என்று அவள் போனை வைக்கப் போனாள். போதாது. உப்பளத்தில் வந்தால் ஆயிற்றா, அங்கே நல்ல டவர் இருக்கிறது. வள்ளத்தைத் தள்ளுகிறவன் உப்பளத்திலா நிற்கிறான்? நான் குனிந்து போனுக்குக் கிட்டே வாயைக் கொண்டுபோனேன். வந்த குரல் எனக்கே புதிதாக இருந்தது, கரடுமுரடாக, அதிகாரமாக. "வேய். அங்க நின்னு பாத்தா காணாது. கரைக்குப் போம். வள்ளம் தள்ளுற எடத்துல நின்னு பாரும்."

மோட்டார் சத்தத்திலிருந்து அவன் தள்ளி வந்தது கேட்டது.

"வியாகுலமா அது?"

"பின்ன யாரு? போமய்யா. பிள்ளைக்குக் கூட்டத்துக்கு நேரமாச்சு."

அவன் கரைக்குப் போவதில்லை என்று ஊருக்கே தெரியும். கோயிலுக்குக்கூடப் பின் தெரு வழியாகச் சுற்றித்தான் வருவான். சொன்ன பிறகுதான் எனக்கே அது உறைத்தது. வைத்துவிடுவான், வைத்தால் வைக்கட்டும் என்று நினைத்தேன், வைத்துவிடக்கூடாது என்றும் நினைத்தேன். அவன் வைக்கவில்லை. செருப்புச் சத்தம் கேட்டது. உப்புத் தரையில் நறநறவென்று கொஞ்ச தூரம், பிறகு தார் ரோட்டில், ஒரு நாய், ஒரு பஸ், யாரோ "என்ன அண்ணாச்சி இந்தப் பக்கம்?" என்று கேட்டது, இவன் பதில் சொல்லாமல் நடந்தது. ஜெனிட்டா வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் அவள் பக்கத்தில் தரையில் இறங்கி உட்கார்ந்தேன், முட்டி நொடித்தது, போனுக்கு இந்தப் பக்கம் ஒரு தலை, அந்தப் பக்கம் ஒரு தலை. செருப்புச் சத்தம் நின்றது. மணல் வந்துவிட்டது. பிறகு காற்று, போனையே நிரப்புகிற காற்று, அதற்குள் அலை. அவன் மூச்சு வாங்கினான். ரொம்ப நேரம் வாங்கினான். நான் அவசரப்படுத்தவில்லை.

"வந்துட்டு" என்றான். "இங்கயும் வந்துட்டு வியாகுலம். இதுதான் முதல்ல நிக்கி."

போனை இன்னும் கிட்டே இழுத்தேன்.

"ஐஸையும் தொட்டுப் பாரும்" என்றேன்.